மெர்சிடிஸ் 200 டபிள்யூ123: ஜேமில் பிரேக் பெடல் இறுகுது, பூஸ்டர் போச்சா?

செந்தூல்_200:

வணக்கம் அண்ணன்மார்களே. காடி 1982 மெர்சிடிஸ் 200, டபிள்யூ123 பாடி, எம்102 கார்ப்பரேட்டர் இன்ஜின், ஆட்டோ கியர், நாலு வீலுக்கும் டிஸ்க். காலையில ஸ்டார்ட் பண்ணி செந்தூல்ல ஓடுற வரைக்கும் பிரேக் அருமையா இருக்கு. ஜாலான் ஈப்போ ஜேமில ஏர்கோன் போட்டு அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு, முதல் மிதி நல்லா பிடிக்குது. உடனே ரெண்டாவது மிதிச்சா பெடல் கல்லு மாதிரி நிக்குது. கெந்திங் மலையில இருந்து சின்ன கியர்ல இறங்கும்போது இன்னும் மோசம். பெடல் கீழே இறங்கல, பஞ்சு மாதிரியும் இல்ல. கொஞ்ச நேரம் விட்டா திரும்ப சரியாயிடுது.

போன வருஷம் இன்லெட் கேஸ்கெட் மாத்தினப்ப பூஸ்டருக்குப் போற வேக்குவம் (காத்தை உறிஞ்சுற இழுப்பு) ஹோஸும் புதுசா போட்டாங்க. பிரேக் எண்ணெய் மட்டம் குறையல. போமன் (மெக்கானிக்) பூஸ்டரை, அதான் வேக்குவத்தால பிரேக் மிதிக்குப் பலம் கூட்டுற டப்பாவை, மாத்தச் சொல்றார். வாங்குறதுக்கு முன்னாடி நானே என்னென்ன பார்க்கலாம்?

பிறை_போமன்:

தம்பி, பூஸ்டருக்கு இப்பவே காசு கொடுக்காதீங்க. பெடல் இறுகினா முதல்ல வேக்குவத்தைத் தேடணும். பஞ்சு மாதிரி அமுங்கினா காத்து, பழைய எண்ணெய், பிரேக் எண்ணெயைத் தள்ளுற மாஸ்டர் பம்ப்னு அந்தப் பக்கம் போகணும். உங்களுக்கு முதல் ரகம்.

பூஸ்டரைச் சோதிக்க ஒரு சாமானும் வேணாம். இன்ஜினை நிறுத்திட்டு பெடலை அஞ்சாறு தடவை மிதிங்க, உள்ளே இருக்கிற வேக்குவம் தீர்ந்து பெடல் இறுகும். காலை எடுக்காம அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் தானா ஒரு விரல் அளவு கீழே இறங்கணும். இறங்கினா பூஸ்டர் வேலை செய்யுது.

அடுத்து, இன்ஜின் ஓடும்போது மிதிச்சுப் பிடிச்சு, பிடிச்சபடியே இன்ஜினை நிறுத்துங்க. 30 வினாடி பெடல் அசையக்கூடாது. காலைத் தள்ளிக்கிட்டு மேலே வந்தா பூஸ்டரோ ஒன்-வே வால்வோ காத்து விடுது. மிதிச்சுப் பிடிச்சிருக்கும்போது காலடியில விடாம 'ஸ்ஸ்'னு சத்தம் வந்து, ஐடிலும் (காடி நிக்கும்போது இன்ஜின் ஓடுற வேகம்) தடுமாறினா பூஸ்டருக்குள்ள இருக்கிற ரப்பர் சவ்வு, அதான் டயஃப்ரம், கிழிஞ்சிருக்கு. மிதிக்கிற அந்த நொடியில மட்டும் ஒரு மூச்சு விடுற மாதிரி சத்தம் வந்தா அது சாதாரணம், பயப்படாதீங்க.

இந்த மூணையும் காடி சூடா இருக்கும்போது, ஜேமில இருந்து வந்த உடனே செய்யுங்க. குளிர்ந்த காடியில இந்தக் கோளாறு பிடிபடாது.

பழைய_இரும்பு:

கெந்திங் விஷயம் மலை உயரத்தால இருக்கலாமே. மேலே ஏறக்குறைய 1,800 மீட்டர். காத்தழுத்தம் கடல் மட்டத்துல 30 பாதரச இன்ச்னா, அங்கே 24 கிட்டதான். பூஸ்டர் தள்ளுறதே வெளிக்காத்துக்கும் உள்ளே இருக்கிற வேக்குவத்துக்கும் உள்ள வித்தியாசத்தாலதான், அதனால அஞ்சுல ஒரு பங்கு உதவி குறையும்.

பிறை_போமன்:

கணக்கு சரிதான் அண்ணே, ஆனா இவர் சொல்றதுக்குப் பொருந்தல. சின்ன கியர்ல ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு இறங்கும்போது த்ராட்டில் (இன்ஜினுக்குக் காத்து விடுற மூடி) மூடியிருக்கு, இன்ஜின் வேகமா சுத்துது. மேனிஃபோல்டுல (இன்ஜினுக்குக் காத்து போற குழாய்) அப்பதான் இழுப்பு அதிகம். பெடல் ஜேமை விட இலகுவா இருக்கணும், இவருக்கு நேர்மாறா இருக்கு. உயரம்தான் காரணம்னா முதல் மிதியிலேயே தெரியும், ரெண்டாவது மிதி வரைக்கும் காத்திருக்காது.

முதல் மிதி நல்லது, ரெண்டாவது கல்லு. அப்படின்னா பூஸ்டர்ல சேர்த்து வச்ச வேக்குவம் ஒரு தடவைக்குப் போதுது, செலவான பிறகு திரும்ப நிரம்பல. வழியில ஏதோ அடைக்குது. சூடா இருக்கும்போதும், இழுப்பு பலமா இருக்கும்போதும்தான் அடைக்குது. எனக்கு அந்த புது ஹோஸ் மேலதான் சந்தேகம்.

செந்தூல் தம்பி, ஒரு வேக்குவம் கேஜும் டி-பீஸும் (மூணு வழி இணைப்பு) வாங்குங்க. முதல்ல மேனிஃபோல்ட் முனையில மாட்டிப் பாருங்க. பிறகு பூஸ்டர் முனையில, வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவுல மாட்டிப் பாருங்க. ஐடில்ல 17-இல் இருந்து 21 இன்ச் வரைக்கும் நல்ல கணக்கு. பூஸ்டர் முனையில மாட்டியிருக்கும்போது மூணு தடவை மிதிச்சு விட்டு, முள் பழைய இடத்துக்கு வர எத்தனை வினாடி ஆகுதுன்னு எண்ணுங்க. ஏர்கோன் போட்டும் போடாமலும் எழுதி வைங்க.

சென்ட்ரல் லாக் இருந்தா அதுக்கும் இதே லைன்ல இருந்துதான் மெல்லிசா ஒரு குழாய் பிரியும். கதவுக்குள்ள இருக்கிற ரப்பர் கிழிஞ்சா பிரேக் வேக்குவத்தையும் தின்னும். அந்தக் கிளையைக் கழட்டி முனையை அடைச்சுட்டு அளங்க.

செந்தூல்_200:

நன்றி அண்ணே. பார்த்துட்டேன். சூடான காடியில பெடல் இறங்குது, 30 வினாடி அசையல, சத்தமும் இல்ல. சென்ட்ரல் லாக் கிளையை அடைச்சுதான் அளந்தேன்.

குளிர்ந்த இன்ஜின்: ரெண்டு முனையிலயும் 18.
சூடான இன்ஜின், ஏர்கோன் இல்லாம: மேனிஃபோல்ட் 18. பூஸ்டர் முனையில மூணு மிதிக்குப் பிறகு 8-க்கு விழுந்து, திரும்ப ஏற 12 வினாடி.
சூடான இன்ஜின், ஏர்கோனோட: மேனிஃபோல்ட் 14. பூஸ்டர் முனை 7-லயே நின்னு மெதுவா ஏறுது. ஐடில் விழுந்து இன்ஜின் நடுங்குது.

இன்ஜின் சூட்டோட ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். வளைவுல கொய்த்தியோ மாதிரி தட்டையா ஒட்டியிருக்கு. இன்ஜினை நிறுத்தினதும் மெதுவா உருண்டைக்குத் திரும்புது.

பிறை_போமன்:

பிடிபட்டுச்சு. அதைக் கழட்டி குறுக்கே வெட்டிப் பாருங்க. சுவருக்குள்ள நூல் பின்னல் இல்லாம வெறும் ரப்பரா இருந்தா அது தண்ணிக்கோ வேற எதுக்கோ செஞ்ச ஹோஸ். தண்ணி ஹோஸ் உள்ளிருந்து வெளியே தள்ளுற அழுத்தத்தைத் தாங்கும். வேக்குவம் வெளியே இருந்து உள்ளே நசுக்கும், அதுக்கு அது தாங்காது. பிரேக் பூஸ்டருக்குன்னே விக்கிற, நூல் பின்னல் உள்ள கெட்டியான வேக்குவம் ஹோஸ் வாங்குங்க. கடைக்குப் பழைய ஹோஸைத் தூக்கிட்டுப் போகாதீங்க, அது விரிஞ்சிருக்கும். பூஸ்டர் முனையையும் மேனிஃபோல்ட் முனையையும் காலிப்பர்ல அளந்துட்டுப் போங்க. புது ஹோஸை வளைவு அகலமா இருக்கிற மாதிரி கொண்டு போங்க, எக்ஸாஸ்ட் பக்கம் சாய விடாதீங்க.

சில ஹோஸ் வெளியே பார்க்க நல்லா இருந்தும் உள் தோல் உரிஞ்சு மடிஞ்சு அடைக்கும். அதனாலதான் கண்ணை நம்பாம ரெண்டு முனையிலயும் அளக்கச் சொன்னேன்.

கையோட ஒன்-வே வால்வையும் கழட்டி ஊதிப் பாருங்க. பூஸ்டர் பக்கத்துல இருந்து ஊதினா காத்து போகணும், இன்ஜின் பக்கத்துல இருந்து துளிகூடப் போகக்கூடாது. அம்புக்குறி இருந்தா அது இன்ஜினைப் பார்க்கணும். திருப்பிப் போட்டா பூஸ்டருக்கு வேக்குவமே கிடைக்காது.

ஏர்கோன் போட்டதும் 14-க்கு விழுறது தனிக் கோளாறு. ஐடில்-அப் (ஏர்கோன் போட்டா ஐடிலைத் தூக்கி விடுற சாதனம்) வேலை செய்யுதான்னு பாருங்க. கம்ப்ரஸர் பிடிச்சாலும் 16-க்குக் கீழே போகாத மாதிரி சரி பண்ணுங்க.

பழைய_இரும்பு:

ஹோஸ் கழட்டியிருக்கும்போதே இன்னொண்ணு. கம்பியில வெள்ளைத் துணி சுத்தி பூஸ்டர் ஓட்டைக்குள்ள விட்டு எடுங்க. நனைஞ்சு வந்தா மாஸ்டர் பம்போட பின் சீல் கசிஞ்சு எண்ணெய் பூஸ்டருக்குள்ள இறங்குது. தரையில ஒரு சொட்டு விழாது, இன்ஜின் அதை உறிஞ்சி வெள்ளைப் புகையா விடும். பம்பும் பூஸ்டரும் சேருற இடத்துக்கு அடியில பெயிண்ட் உப்பியிருந்தாலும் அதே அர்த்தம். அப்படி இருந்தா பம்பை மட்டும் மாத்தி ஏமாறாதீங்க, டயஃப்ரமும் ஊறிப் போயிருக்கும்.

பிரேக் எண்ணெய் மாத்தி ரெண்டு வருஷம் ஆயிருந்தா அதையும் முடிச்சிடுங்க. நம்ம ஊர் ஈரத்துல அது தண்ணியை இழுக்கும். புது டாட் 4 ரக பிரேக் எண்ணெய் கொதிக்க குறைஞ்சது 230 டிகிரி, தண்ணி ஏறினதுக்கு அந்தக் கணக்கு 155 தான். வெளிநாட்டுப் புத்தகத்துல பிரேக் லைன்ல காத்து எடுக்க பின் வலது வீலை முதல்ல சொல்லியிருக்கும், அது இடது ஸ்டியரிங் காடிக்கு. நமக்கு பம்ப் வலது பக்கம், அதனால தூரமான பின் இடதுல ஆரம்பிங்க.

செந்தூல்_200:

துணி காய்ஞ்சே வந்துச்சு. வால்வும் சரி. வெட்டின ஹோஸ்ல பின்னல் இல்ல. புது ஹோஸ் போட்டாச்சு, சூட்டுல மூணு மிதிக்குப் பிறகு ரெண்டு வினாடியில 18-க்கு வந்துடுது. ஐடில்-அப் இன்னும் பார்க்கல. இந்த வாரம் கெந்திங் போகலாமா?

பிறை_போமன்:

ஐடில்-அப் முடியிற வரைக்கும் மலை வேணாம் தம்பி. இறங்கும்போது பிரச்சினை வராது, ஆனா மேலே பார்க்கிங் வரிசையில ஏர்கோனோட ஊரும்போது 14-லயும் உயரம் தன் பங்கை எடுத்துக்கும். அப்ப பழைய_இரும்பு அண்ணன் சொன்ன கணக்குதான் உங்களைப் பிடிக்கும்.

எப்பவாவது பெடல் இறுகினா பம்ப் பண்ணாதீங்க, ஒவ்வொரு மிதியும் மிச்சம் இருக்கிற வேக்குவத்தைத் தின்னும். ஒரே மிதி, முழுப் பலத்தோட, காலை எடுக்காம. கியரைக் குறைங்க, ஹேண்ட் பிரேக் பெடலையும் ரிலீஸைப் பிடிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா அழுத்துங்க.

புது ஹோஸோட கிளிப்பை நாலைஞ்சு தடவை சூடேறி ஆறின பிறகு இன்னொரு தடவை இறுக்குங்க. ரப்பர் அமுங்கி கிளிப் தளர்ந்திருக்கும்.