ஸ்டீரியோவுலயே 4×50 வாட்ஸ் இருக்கே, தனியா ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எதுக்கு?

கோவை ஸ்விஃப்ட்: 2012 மாடல் ஸ்விஃப்ட்டுங்க. கம்பெனி ஸ்பீக்கர் கரகரங்குது. கையில 15,000 இருக்கு. முன்கதவு ரெண்டுக்கும் ஆறரை இஞ்ச் மாத்தலாம்னு இருக்கேன். ஆம்ப்பும் சேத்து வாங்கணுங்களா, ஸ்பீக்கர் மட்டும் போதுங்களா?

பேஸ்பிரியன்: ஆம்ப் வாங்கச் சொல்றவங்க எல்லாம் கடைக்காரனோட ஆளுங்க. உங்க ஸ்டீரியோ வந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் பாருங்க, 4×50 வாட்ஸ்னு போட்டிருக்கும். நாலு ஸ்பீக்கருக்குத் தலா 50, மொத்தம் 200. காருக்குள்ள கச்சேரியா வைக்கப் போறீங்க? முழுக் காசையும் ஸ்பீக்கர்ல போடுங்க.

ஆம்பியர்: இந்த 4×50 பொய்யை இன்னும் எத்தனை பேர் தலையில கட்டுவீங்க? இன்ஜின் ஓடும்போது வண்டியில கிடைக்கிறது 14.4 வோல்ட் பக்கம். சாதாரண ஸ்டீரியோவுக்குள்ள அதை மேல ஏத்துற சர்க்யூட் கிடையாது. ஸ்பீக்கரோட தடை 4 ஓம். 14.4 × 14.4 ÷ 4 = 51.8. உங்க 50 அங்கேருந்துதான் வருது. அலையோட தலை மொத்தமா வெட்டுப்பட்டு சதுரமா நிக்கிறப்ப வர்ற கணக்கு அது. சுத்தமான அலைன்னா அதுல பாதி, 26. சிப்புக்குள்ள போற இழப்பைக் கழிச்சா 20 பக்கம் நிக்கும். தொடர்ந்து சுத்தமா வர்ற அந்த வாட்ஸை, கையேட்டோட கடைசியில ஆர்எம்எஸ்னு சின்ன எழுத்துல அவனே எழுதியிருப்பான்.

பேஸ்பிரியன்: பெட்டியில 50-ன்னு அச்சடிச்சிருக்கு. ஜப்பான் கம்பெனி இன்ஜினியருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?

ஆம்பியர்: அச்சடிச்சது இன்ஜினியர் இல்ல, விற்பனைப் பிரிவு. ஸ்டீரியோ பின்னாடி இருக்கிற ஃப்யூஸைப் பாருங்க. 10 ஆம்பியர். 10 × 14.4 = 144 வாட்ஸ்தான் உள்ளேயே போகுது. 200 எப்படிங்க வெளிய வரும்?

பேஸ்பிரியன்: என் செட்ல 15 ஆம்பியர் ஃப்யூஸ். 216 வருது. இப்ப என்ன சொல்றீங்க?

ஆம்பியர்: அது உள்ள போறது! அதுல கணிசமான பங்கு சூடாப் போயிடும். பின்னாடி அலுமினியத்துல ஹீட்சிங்க் எதுக்கு வச்சிருக்கான், அழகுக்கா?

பழைய கேசட்: 20-ஆ 50-ஆன்னு அடிச்சுக்கிறதை விட்டுட்டு சென்சிட்டிவிட்டியைப் பாருங்கப்பா, அதான் ஒரே பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருதுங்கிறது. 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலா 91 வாங்கினா, ஆம்ப் பவரை ரெண்டு மடங்காக்கின மாதிரி. மீதிக் காசுல கதவுக்கு அதிர்வை அடக்குற டேம்பிங் ஷீட் ஒட்டினாலே பாதி கரகரப்பு போயிடும்.

ஆம்பியர்: சார், நீங்களும் 50-ன்னு ஒத்துக்கிறீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல.

பழைய கேசட்: நான் அதைப் பத்திப் பேசவே இல்லையே!

மதுரை டாக்ஸி: ஆம்பியர் அண்ணே, முன்னாடி இங்க நடந்த சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) சண்டையிலயும் இதே கணக்கைப் போட்டுத்தான் எல்லாரையும் விரட்டுனீக. நாங்க ராத்திரி பகலா வண்டி ஓட்டுறவங்க. ஸ்டீரியோ பவரே போதும், காது கிழியுது.

ஆம்பியர்: கிழியுதுல்ல? அதுக்குப் பேருதான் கிளிப்பிங், தம்பி. வால்யூமை முழுசா வச்சா 20 வாட்ஸ் சிப் அலையை வெட்டித் தள்ளும். முதல்ல கருகுறது ட்வீட்டர், கீச்சு சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர். ஸ்பீக்கர் மட்டமான ஸ்பீக்கர்னு கடைக்காரனைத் திட்டுவீங்க. அதான் சொல்றேன்: ஸ்பீக்கர்ல கொஞ்சம் குறைச்சுட்டு, ஒரு சேனலுக்கு 45, 50 ஆர்எம்எஸ் தர்ற சின்ன ஆம்ப் வாங்கணும். 4 ஓம்ல, 14.4 வோல்ட்ல, 1 சதவீத டிஸ்டார்ஷனுக்குள்ள அளந்த வாட்ஸா இருக்கணும். ஆம்ப் பவரை அளக்குறதுக்கான சிஇஏ-2006 தர முறை அதுதான்.

பேஸ்பிரியன்: பாத்தீங்களா, கடைசில ஆம்ப் விக்க வந்துட்டாரு. இவர்கிட்ட பழைய ஆம்ப் வாங்கின ஆளு இன்னிக்கும் புலம்பிட்டுத் திரியுறாரு.

ஆம்பியர்: நல்ல ஆம்பைக் குடுத்தேன். செம்பு வயர் போடச் சொல்லியும், அலுமினியத்துல செம்பு முலாம் பூசின மலிவு வயரைப் போட்டா நான் என்ன பண்ணுவேன்? பேட்டரிக்குப் பக்கத்துல, 45 செ.மீ.க்குள்ள, ஃப்யூஸ்கூடப் போடல அந்த ஆளு. வண்டி எரியாம இருந்ததே பெருசு.

மதுரை டாக்ஸி: வயர் போட்டது எங்க ஊர் ஆளுன்னுதானே இவ்வளவு எகத்தாளம்? சென்னை ஜிபி ரோட்டுல மட்டும் எல்லாம் சொக்கத் தங்கமோ? அங்க ஆம்ப் போட்டுட்டு வந்த வண்டியில ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஸ்பீக்கர்ல ‘வ்வீ’ன்னு சத்தம் வருது.

ஆம்பியர்: அது எர்த் சரியா அடிக்காத குத்தம். பெயின்ட்டைச் சுரண்டிட்டு வெறும் தகடுல முறுக்கணும். பாட்டு சிக்னல் போற ஆர்சிஏ வயரையும் பவர் வயரையும் ஒரே பக்கமா இழுக்கக் கூடாது. ஊரை ஏன் இழுக்கிறீங்க?

மதுரை டாக்ஸி: ஊரை இழுத்தது நீங்க.

கோவை ஸ்விஃப்ட்: அப்ப டேம்பிங் ஷீட் வாங்கலாங்களா?

ஆம்பியர்: அது அப்புறம். பேஸ்பிரியன், ஒரே ஒரு வேலை செய்யுங்க. 60 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, சத்தம் உடையாத அளவுக்கு வால்யூம் வச்சு, ஸ்பீக்கர் முனையில மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வைங்க. 4 ஓம்ல 50 வாட்ஸ்னா 14.1 வோல்ட் காட்டணும். 9 பக்கம்தான் காட்டும். எழுதி வச்சுக்கோங்க.

பேஸ்பிரியன்: நான் பாட்டு கேக்கத்தான் ஸ்டீரியோ வாங்கினேன், மீட்டர் வைக்க இல்ல. பெட்டியில 50. அவ்வளவுதான்.

ஆம்பியர்: மீட்டர் வைக்க பயம்னு சொல்லுங்க.

மதுரை டாக்ஸி: அண்ணே, ஃப்யூஸ் போட்டாங்களா இல்லையான்னு நீங்க நேர்ல பாத்தீகளா? அதுக்குப் பதில் சொல்லிட்டு 50-க்குப் போங்க.