அக்கா மகள் படத்தோடு ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, எப்படி அழிப்பது? அவசரம்

தென்பெண்ணைக்கரை:
வணக்கம். என் அக்கா மகள் படத்தைப் போட்டு ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை மொத்தமாக அழிக்க வேண்டும், எல்லார் போனிலிருந்தும். மாமா நம்பரும் அதில் இருப்பதால் ராத்திரி பகல் என்று இல்லாமல் அழைப்பு வருகிறது. கம்பெனிக்கு மெயில் போட்டால் எடுத்துவிடுவார்களா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

செல்பேசி வைத்தியர்:
இது போன் ஹேக் ஆன கதைதான். மாமா போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலில் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெளியேற்றிவிட்டு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். கேலரியிலிருந்து படம் போனது அப்படித்தான் இருக்கும்.

மாங்கனி88:
கொஞ்சம் பொறுங்கள். என்ன செய்தி, என்ன படம்? முதலில் அனுப்பியது யார், எப்போது? அனுப்பியவரே 'எல்லோருக்கும் அழி' கொடுக்கலாம், ஆனால் அதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம். அதற்குள் யாராவது வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பிரதி அழியாது.

பாலக்கோட்டான்:
சின்னப் பிள்ளையா, பெரிய பெண்ணா? அசிங்கமாக மாற்றிய படம் என்றால் வழியே வேறு. அதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

சட்டப்புள்ளி:
தம்பி, இதே கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. எந்த ஆண்டு, எந்தத் தளம், படம் எப்படிப்பட்டது, எதுவுமே உங்கள் கேள்வியில் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஒரு நல்ல வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் அனுப்புங்கள்.

அரூர் அக்கா:
யாருக்கு அனுப்புவது? செய்தியை வைத்திருக்கிற ஒவ்வொருவருக்குமா? தம்பி, நீங்கள் முதலில் முழு விவரம் சொல்லுங்கள்.

தென்பெண்ணைக்கரை:
மன்னிக்கவும், கடையில் இருந்தேன். பாப்பாவுக்கு நாலு வயதில் இதயத்தில் ஓட்டை என்று சொன்னார்கள். 2021-ல் பெங்களூரில் ஆபரேஷன். எங்கள் ஊர், காவேரிப்பட்டணம் பக்கம். ஊர்ப் பசங்கள் சேர்ந்து உதவி கேட்டுச் செய்தி எழுதினார்கள். மூக்கில் குழாயோடு பாப்பா படம், மாமா பெயர், நம்பர், வங்கிக் கணக்கு, மருத்துவமனை கொடுத்த செலவு மதிப்பீட்டுத் தாள், எல்லாம் அதில் இருந்தது. பணம் சேர்ந்தது, ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது. தெரியாதவர்கள் எல்லாம் கொடுத்தார்கள். அதை எங்கள் குடும்பம் மறக்காது.

இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறாள், நன்றாக ஓடியாடுகிறாள். அந்தச் செய்தி மறுபடி கிளம்பியிருக்கிறது. கூடப் படிக்கும் ஒரு பையன் அவன் அம்மா போனில் பார்த்துவிட்டு, "நீ செத்துப்போயிடுவியா?" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான். அதிலிருந்து தழும்பு தெரியக் கூடாது என்று யூனிஃபார்ம் கழுத்தை இழுத்து ஊக்கு குத்திக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள். அக்கா எவ்வளவு சொல்லியும் ஊக்கை எடுக்க மாட்டேன் என்கிறாள்.

செல்பேசி வைத்தியர்:
வருத்தமாக இருக்கிறது. அப்படியானால் நம்பரை மாற்றிவிடுங்கள், பிரச்சினை அதோடு முடிந்தது.

அரூர் அக்கா:
நம்பர் மாற்றினால் அப்பாவுக்கு அழைப்பு நிற்கும். பிள்ளை முகம்? அதை மாற்ற முடியுமா? அந்த நம்பர் ஆதார், வங்கி, ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம் என்று எங்கெங்கே கொடுத்து வைத்திருக்கிறாரோ. ஒரு தப்பும் செய்யாத மனுஷன் ஏன் அலைய வேண்டும்?

மாங்கனி88:
இரண்டே கேள்வி. ஒன்று, இப்போது வரும் செய்தியும் பழைய செய்தியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா? இரண்டு, செய்தி மேலே ஃபார்வர்டு செய்ததைக் காட்டும் அம்பு ஒற்றையா, இரட்டையா? இரட்டை அம்பும் 'பலமுறை' என்ற குறிப்பும் இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. அம்பே இல்லை என்றால் யாரோ படத்தைச் சேமித்து வைத்திருந்து புதிதாக ஏற்றியிருக்கிறார்கள், அல்லது அனுப்பியவரே அதைத் தயாரித்தவர்.

தென்பெண்ணைக்கரை:
எனக்கு வந்ததில் இரட்டை அம்பு. ஃபேஸ்புக்கில் ஒரு உள்ளூர் செய்திப் பக்கத்திலும் போட்டிருக்கிறார்கள். எழுத்து அதேதான், தேதி மட்டும் இல்லை. வங்கிக் கணக்கு இருந்த இடத்தில் ஒரு க்யூஆர் கோடு இருக்கிறது. நாங்கள் க்யூஆர் போடவே இல்லை.

பாலக்கோட்டான்:
அட, இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டாமா! இது பழைய செய்தி தானாகச் சுற்றுவது இல்லை. பிள்ளை முகத்தை வைத்து எவனோ காசு பார்க்கிறான்.

மாங்கனி88:
ஆமாம், இனி இதை மோசடியாகத்தான் பார்க்க வேண்டும். உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் கோடை ஜிபே அல்லது போன்பே வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பணம் போட வேண்டாம். பணம் போடுவதற்கு முன்னாலேயே கணக்குக்காரர் பெயரும் யுபிஐ முகவரியும் திரையில் வரும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செய்தி வந்த குழுவின் பெயர், அனுப்பியவர் நம்பர், நாள், நேரம் தெரிகிற மாதிரி இன்னொன்று. பக்கத்தின் முகவரியையும் குறித்து வையுங்கள். எடுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்புறம் ஆதாரம் தேடினால் கிடைக்காது. அதன் பிறகு சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் கிரைம் புகார் இணையதளத்திலும் பதியுங்கள்.

பாலக்கோட்டான்:
1930 பணம் தொலைத்தவர்களுக்குத்தானே? இவர்கள் ஒன்றும் தொலைக்கவில்லையே.

மாங்கனி88:
பணம் போட்டு ஏமாந்தவர் யாராவது மாமாவுக்குப் போன் செய்திருந்தால் அவரையும் 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறும் முன் நிறுத்த முடியும். உங்கள் புகார் வேறு: பிள்ளை படத்தையும் குடும்ப விவரத்தையும் வைத்து ஏமாற்றுகிறார்கள் என்பது. அதை இணையதளத்திலும் எழுதலாம், நேரிலும் கொடுக்கலாம்.

தென்பெண்ணைக்கரை:
அந்தப் பக்கம் நடத்துபவர் தர்மபுரிக்காரர். நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம். எங்கே கொடுப்பது?

பாலக்கோட்டான்:
2004-க்கு முன்னால் என்றால் எல்லாம் ஒரே மாவட்டம், இந்தக் கேள்வியே வந்திருக்காது. இப்போது உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலேயே கொடுங்கள். இது எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. சம்பவம் எங்கே நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரை வாங்கிப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

சட்டப்புள்ளி:
நான் சொன்ன 2023 சட்டத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. குழந்தையின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அனுப்பியவர்கள் எல்லாரும் அதில் வருவார்கள்.

அரூர் அக்கா:
வர மாட்டார்கள் ஐயா. தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்கு ஒரு ஆள் கையாளும் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பியவரை அதில் பிடிக்க முடியாது. பக்கம் நடத்துபவர் கதை வேறாக இருக்கலாம். எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

கிரானைட் மலை:
பேச்சு எங்கேயோ போகிறது. இந்தச் செய்தி எனக்கும் வந்தது, எங்கள் குழுக்களில் நானும் போட்டேன். ஒரு பிள்ளை உயிர் பிழைக்கட்டும் என்றுதான் போட்டேன். இதற்கெல்லாம் சட்டம், வழக்கு என்று பயமுறுத்தினால் நாளைக்கு ரத்தம் வேண்டும் என்று வந்தால்கூட எவனும் அனுப்ப மாட்டான். அனுப்பிய ஆயிரம் பேரில் ஒருத்தன் திருடன் என்பதற்காக மற்றவனையும் குற்றவாளி ஆக்காதீர்கள்.

சட்டப்புள்ளி:
நல்லெண்ணம் என்பது சட்டத்துக்குத் தெரியாது. 2018-ல் நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கில், ஒன்றைப் பகிர்வது அதை ஏற்றுக்கொண்டு ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்ற வாதம் 2023-ல் உச்ச நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. குழு நிர்வாகிகளும் உள்ளே போவார்கள்.

பாலக்கோட்டான்:
அது பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்திய பதிவு. உதவி கேட்ட செய்தியை அதோடு சேர்க்காதீர்கள். நிர்வாகி என்பதற்காக மட்டும் உள்ளே வைக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. வெறும் நிர்வாகியாக மட்டும் இருந்தார் என்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை எடுங்கள் என்பதுதான் உத்தரவு.

அரூர் அக்கா:
கிரானைட் தம்பி, உங்களை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதாது. 2018 மே மாதம் நம் பக்கத்து மாவட்டத்தில், போளூர்ப் பக்கம், கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று சொல்லி அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த வதந்தியைப் பரப்பியவர்களும் நம் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார்கள். இந்தியாவில் ஒரு தடவைக்கு ஆளோ குழுவோ ஐந்துக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்ததே அந்த வருஷம்தான்.

கிரானைட் மலை:
அது வதந்தி. இது உண்மையாக நடந்தது. இரண்டும் ஒன்றா?

அரூர் அக்கா:
2021-ல் உண்மை. இப்போது உண்மையா? பிள்ளை பிழைத்துப் பள்ளிக்கூடம் போகிறாள். அனுப்பும் முன் அதில் இருந்த நம்பருக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். உதவி வேண்டும் என்று அனுப்பியவர், உதவி கிடைத்துவிட்டது என்பதையும் அதே வழியில் அனுப்பியிருக்க வேண்டாமா? நம் ஊரில் அந்தப் பாதிதான் நடப்பதில்லை. துவக்கச் செய்தி தமிழ்நாடு முழுக்கப் போகும், முடிந்த செய்தி குடும்பத்தைத் தாண்டாது. நான் கேட்பது அது ஒன்றுதான்.

செல்பேசி வைத்தியர்:
ஒரு யோசனை. பாப்பாவின் பழைய படத்தைப் போட்டு மேலே சிவப்பில் 'பொய்ச் செய்தி' என்று எழுதிப் பரப்பலாமா? நானே செய்து தருகிறேன்.

மாங்கனி88:
தயவுசெய்து வேண்டாம். அந்தப் படம் ஒரு சுற்று கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். சிவப்பு எழுத்தை வெட்டிவிட்டு மறுபடி யாராவது ஏற்றுவார்கள். அந்தப் பையனின் வகுப்புக் குழுவுக்கும் வரும். மறுப்பில் படம் கூடாது, பெயர் கூடாது, நம்பரும் கூடாது. இப்படி எழுதலாம்:

"காவேரிப்பட்டணம் பகுதிக் குழந்தையின் இதய அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டு 2021-ல் வந்த செய்தி முடிந்துவிட்டது. சிகிச்சை முடிந்து குழந்தை நலமாக இருக்கிறாள். குடும்பத்தினர் இப்போது யாரிடமும் பணம் கேட்கவில்லை. இப்போது வரும் க்யூஆர் கோடு அவர்களுடையது இல்லை. பணம் போடாதீர்கள், படத்தை அழித்துவிடுங்கள்."

முதலில் எழுதிய ஊர்ப் பசங்களே இதை அனுப்பட்டும். அப்போது எந்தெந்தக் குழுவில் போட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் குழு நிர்வாகிகளிடமும் பேசச் சொல்லுங்கள், மற்றவர் போட்ட செய்தியை எல்லோருக்குமாக அழிக்க நிர்வாகிக்கு வசதி இருக்கிறது.

ஃபேஸ்புக்கில் பிள்ளைக்கு 13 வயதுக்குக் கீழ் என்பதால் பெற்றோரே தனியுரிமைப் புகார் கொடுக்கலாம். அக்காவோ மாமாவோ கொடுக்கட்டும், நீங்கள் வேண்டாம். கூகுள் தேடலில் படம் வந்தால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் படம் என்று தனியாக எடுக்கச் சொல்லலாம். வாட்ஸ்அப் கம்பெனிக்கு மெயில் போட்டு எல்லார் போனிலிருந்தும் அழிக்க வழி கிடையாது. செய்திகள் பூட்டிப் போவதால் அவர்களுக்கே தெரியாது. நீங்கள் ஒரு ஆளையோ குழுவையோ புகார் செய்தால் கடைசி ஐந்து செய்திகள் மட்டும் அவர்களுக்குப் போகும்.

பள்ளிக்கூடத்துக்கு அக்கா நேரில் போய் வகுப்பு ஆசிரியரிடம் பேசினால் நல்லது. பெற்றோர் குழுவில் ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் அது வேறு மாதிரி எடுபடும்.

சட்டப்புள்ளி:
இதைத்தான் நான் முதலிலேயே சட்டப்படி அணுகுங்கள் என்று சொன்னேன்.

தென்பெண்ணைக்கரை:
அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. புகார் கொடுத்தாயிற்று, எண் வந்துவிட்டது. பக்கத்துக்காரர் எடுத்துவிட்டார். பசங்கள் மறுப்பை அனுப்பியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இன்னும் வருகிறது. பிறகு எழுதுகிறேன்.

மாங்கனி88:
க்யூஆரில் வந்த பெயரைக் கொடுத்தீர்களா? பள்ளிக்கூடத்தில் பேசினீர்களா?

கிரானைட் மலை:
மறுப்பை நான் அன்று போட்ட எல்லாக் குழுவிலும் போட்டுவிட்டேன். ராயக்கோட்டைத் தக்காளி வியாபாரிகள் குழுவில் ஒருத்தர் பதிலுக்கு இன்னொரு பிரதியைக் காட்டினார். அதில் க்யூஆர் வேறு, ஸ்கேன் செய்தால் வேறு பெயர் வருகிறது. அம்புக்குறியும் இல்லை. அழிக்கச் சொல்லட்டுமா?

மாங்கனி88:
அழிக்க வேண்டாம். அனுப்பியவர் நம்பரோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தக் குடும்பத்தின் புகார் எண்ணோடு சேர்க்கக் கொடுங்கள். அப்புறம் நிர்வாகியிடம் சொல்லி எடுக்கலாம். தென்பெண்ணைக்கரை, இதைப் பார்த்தால் கிரானைட் தம்பிக்குத் தனிச்செய்தியில் புகார் எண்ணைக் கொடுங்கள், இங்கே பொதுவில் போடாதீர்கள்.