ஆச்சி கால் துள்ளுன அன்னைக்கு

எல்லாரும் அவங்கவங்க வேலைல தப்பு செஞ்சு பாடம் படிச்ச அனுபவம் சொல்லுதிய, நானும் ஒண்ணு சொல்லுதேன். பாளையங்கோட்டைல மயக்க டாக்டரா இருக்கேன். வேலைக்குச் சேந்த புதுசுல முக்கூடல் பக்கத்துலருந்து ஒரு ஆச்சி, காலம்பூரா பீடி சுத்துன கை, வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு வந்தாவ. ஹார்ட் பம்பிங் 30 சதவீதம்தான், ஸ்டென்ட் வச்சு ரத்தம் உறையாத மாத்திரை வேற ஓடுது, அதனால முதுகுல ஊசி போட வழியில்ல, முழு மயக்கம்தான். வழக்கமா தூங்க வைக்கப் போடுற ப்ரோபோஃபால் போட்டா பிரஷர் இறங்கிரும்னு எடோமிடேட்டுங்கற இன்னொரு தூக்க மருந்த எடுத்தேன், பிரஷர் அவ்வளவா ஆடாதுல்லா. கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், ஆச்சி 50 கிலோ, 15 மில்லிகிராம்.

வயசாளி, மூச்சு அடங்கிருமோன்னு பயந்து முன்னால அமைதிப்படுத்துற மிடாசோலம், வலி மருந்து ஃபென்டனில் எதுவுமே போடல. அதான் நான் செஞ்ச தப்பு.

கண்ணு சொருகி கொஞ்ச நேரத்துல கட்டைவிரல் துடிச்சுது, அடுத்து தோளு, அப்புறம் அந்த ஒடைஞ்ச காலே துள்ளுது, மாவுக்கட்டுக்குள்ள எலும்பு நறநறன்னு உரசுறது என் காதுல விழுது, சிஸ்டர் ஓடி வந்து ரெண்டு கையாலயும் காலை அமுக்கிப் புடிச்சாவ. தசைய தளர்த்துற மருந்து ஏறுற வரைக்கும் ஒரு நிமிஷம் இருக்கும், எனக்கு ஒரு மணி நேரம் மாரி போச்சு. கதவுக் கண்ணாடி வழியா மகன் பாத்துட்டாரு. "எங்கம்மைக்கு வலிப்பா சார்?"ன்னு அவரு கேட்ட குரல் இன்னும் காதுல நிக்கி.

வலிப்பு இல்ல. மூளையோட எல்லா பகுதியும் ஒரே நேரத்துல தூங்காது, மேல இருந்து அடக்குற பகுதி முதல்ல தூங்கிட்டா கீழ உள்ளது இஷ்டத்துக்கு ஆடும். முன்மருந்து இல்லாம குடுத்தா 50லருந்து 80 சதவீதம் பேருக்கு இப்பிடி துடிக்கும்னு படிச்சிருந்தேன், ஆனா படிச்சது வேற, அந்தச் சத்தத்தக் கேட்டது வேற.

அதுக்கப்புறம் எடோமிடேட்டுன்னா கிலோவுக்கு 0.015 மில்லிகிராம் மிடாசோலம், அதாவது ஆச்சி எடைக்கு ஒரு மில்லிகிராம் கூட வராது, போட்டுட்டு முழுசா 90 செகண்ட் காத்திருப்பேன். இல்லன்னா எடோமிடேட்டையே பத்துல ஒரு பங்கு முதல்ல குடுத்து ஒரு நிமிஷம் கழிச்சு மிச்சத்த ஏத்துவேன். ஃபென்டனிலும் துடிப்பக் குறைக்கும், ஆனா மூச்சு குறையும், ஆக்சிஜன் மாஸ்க்க கையில வச்சுக்கிடணும். எதுவும் நூத்துக்கு நூறு கிடையாது, அதனால இப்ப வீட்டு ஆளுகளக் கூப்பிட்டு, "கை கால் கொஞ்சம் துடிக்கலாம், வலிப்புன்னு பயந்துராதிய"ன்னு முன்கூட்டியே சொல்லிருதேன். உடைமுள் குத்தி கண்ணு கிழிஞ்ச கேஸுன்னா இன்னும் பயம், துடிக்கிறப்ப கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி உள்ள உள்ளது வெளிய வந்துரக்கூடாதுல்லா, அங்க ஹார்ட் நல்லாருந்தா நான் எடோமிடேட்டே தொடமாட்டேன்.

போன மாசம் மேலப்பாளையத்துலருந்து ஒரு பெரியவரு, அதே மாரி ஹார்ட், அதே தொடை எலும்பு. விரல் நுனி கூட அசையல. இப்ப நான் மிடாசோலம் சிரிஞ்ச கையில எடுத்தாலே போதும், டெக்னீஷியன் தம்பி சுவத்துக் கடியாரத்தப் பாத்து 90 எண்ண ஆரம்பிச்சிருதான்.