புதுப்பிப்பு: பழைய ஆல்ட்டோவில் சென்ட்ரல் லாக், ரிமோட் ஸ்டார்ட்டர்

எங்கள் பழைய ஆல்ட்டோவுக்கு சென்ட்ரல் லாக்கும் (எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் பூட்டுவது) ரிமோட் ஸ்டார்ட்டரும் (வண்டியில் ஏறாமலே ரிமோட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்வது) வெளியில் வாங்கிப் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். லாக் போட்டாச்சு. ஸ்டார்ட்டர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வேலை நடந்தது கும்பகோணத்தில். டிரைவர் கதவில் பூட்டை இயக்கும் மோட்டாருக்கு 5 ஒயர், மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டுதான். டிரைவர் கதவைச் சாவியால் பூட்டினாலும் அது கன்ட்ரோல் பெட்டிக்குத் தெரிந்து மற்றவையும் பூட்ட வேண்டுமே, அதற்குத்தான் கூடுதல் ஒயர். கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயரை நுழைப்பதுதான் பெரும்பாடு. அவசரக்காரர்கள் வெளியே விட்டுவிடுவார்கள். கதவை மூடித் திறந்தே ஒயர் அறுந்துபோகும். எங்கள் எலக்ட்ரீஷியன் சோப்புத் தண்ணீர் தடவி, கம்பியில் கட்டி இழுத்தார். கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஐப்பசி மழையில் உள்ளே ஈரம்தான்.

ஸ்டார்ட்டர் ஏன் வேண்டாம்? எங்களுடையது கியர் வண்டி. வாய்க்கால் கரைச் சரிவில் நிறுத்தும்போது முதல் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்குவோம். அப்படியே ரிமோட்டை அமுக்கினால் வண்டி எகிறி நகரும். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகிற கிட்டும் உண்டு, ஆனால் அது கியரை விடுவிக்காதே. ஏறும் முன்பே ஏசி ஓட வேண்டும் என்பது தம்பியின் ஆசை. வேப்பமரத்தடியில் நிறுத்துடா என்றேன்.

அப்புறம், லாக்குக்கு ஃபியூஸ் போட்டிருக்கிறதா என்று கேட்டிருந்தவருக்கு: பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் தனியாகப் போட்டிருக்கிறது.