வைரத்தில் 2.87 கிகாஹெர்ட்ஸ் பள்ளம் இடம் மாறுகிறது. பூமியின் காந்தப்புலத்தைக் காட்ட வழி?

நாகர்கோவில்_எம்எஸ்ஸி:
என்வி மையங்கள் (ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன், அதன் பக்கத்தில் ஒரு காலியிடம்) உள்ள 3 மிமீ வைரம் (100 வெட்டு: மேல்முகம் படிகக் கனசதுரத்தின் முகத்துக்கு இணை), 532 நானோமீட்டர் பச்சை லேசர், மைக்ரோஅலை தரும் ஏடிஎஃப்4351 போர்டு, செம்புக்கம்பி வளையம், ஃபோட்டோடயோடு. பச்சை ஒளியில் வைரம் சிவப்பாக ஒளிரும்; மைக்ரோஅலை 2.87 கிகாஹெர்ட்ஸைத் தொடும்போது அந்தச் சிவப்பு குறைவதுதான் பள்ளம். அது 1 சதவீதம்கூட இல்லை. காலையில் இருந்த இடத்தில் மதியம் இல்லை. பூமியின் புலத்தால் அது இரண்டாகப் பிரிவதைக் காட்டணும். காந்தம் வைக்கவில்லை.

தக்கலை_ஆய்வகம்:
காந்தம் இல்லாமல் அது தெரியாது, தம்பி. நம்ம மாவட்டம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம். புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, ஏறக்குறைய கிடைமட்டம். (1963ல் தும்பாவில் ராக்கெட் ஏவியதற்கும் அந்தக் கோடுதான் காரணம்.) பள்ளம் இரு பக்கமும் டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ் கணக்கில் விலகும்; என்வி அச்சு (நைட்ரஜனையும் காலியிடத்தையும் இணைக்கும் கோடு) புலத்துக்கு நேராக அமைந்தாலும் பிளவு 2.24 மெகாஹெர்ட்ஸ்தான். நைட்ரஜன்-14 அணுக்கருவால் வரும் பிளவே 2.16. இரண்டும் கலந்துவிடும். படிகத்தின் உள் இறுக்கம் வேறு குழப்பும்.

நியோடிமியம் காந்தத்தை வைரத்தின் நான்கு அச்சுகளில் ஒன்றின் நேரே, 2 மில்லிடெஸ்லா கிடைக்கும் தூரத்தில் வையுங்கள். வெளிப்பள்ளங்கள் 2.814, 2.926 கிகாஹெர்ட்ஸில் வரும். மற்ற மூன்று அச்சுகளும் உள்ளே ஒரே ஜோடியாகச் சேர்ந்துகொள்ளும். உள்ளே ஒரு ஜோடிக்கு மேல் தெரிந்தால் காந்தம் சாய்ந்திருக்கிறது.

பிறகு வைரம், காந்தம் இரண்டும் சேர்ந்த மேடையைக் கிடைமட்டமாகச் சுழற்றுங்கள். 100 வெட்டு படுக்கையாக இருந்தால் அச்சு 35.3 பாகை சாய்ந்திருக்கும். வெளிப்பள்ளங்களின் இடைவெளி, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் நடுவே 3.66 மெகாஹெர்ட்ஸ் மாறணும். அந்த மாற்றம்தான் பூமியின் புலம்.

குளச்சல்_ஒளியியல்:
இடம் மாறுவது வெப்பத்தால். 1 டிகிரி ஏறினால் பள்ளம் 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். இரண்டு பள்ளமும் ஒரே பக்கம் போவதால், இடைவெளியை மட்டும் எடுத்தால் அது கழிந்துவிடும். காந்தம் சூடேறினால் மட்டும் கழியாது: டிகிரிக்கு 0.1 சதவீதம் வலு குறையும், இடைவெளி 110 கிலோஹெர்ட்ஸ் சுருங்கும். அதனால் சூடாகும் மைக்ரோஅலைப் பெருக்கியின் (ஆம்ப்ளிஃபயர்) பக்கத்தில் காந்தத்தை வைக்காதீங்க.

பள்ளம் ஆழமாகணும் என்றால் முதலில் மைக்ரோஅலை. அந்த போர்டு சில மில்லிவாட்தான் தரும்; 1 வாட் பெருக்கி சேருங்கள், வளையம் வைரத்தைத் தொடணும். திறன் மிஞ்சினால் பள்ளம் அகலமாகிவிடும். அடுத்து, ஃபோட்டோடயோடுக்கு முன் 650 நானோமீட்டர் லாங்பாஸ் ஃபில்டர் (அதைவிட நீளமான அலைகளை மட்டும் விடும்). மலிவான பச்சை லேசரில் 808, 1064 அகச்சிவப்பு கசிந்து ஃபில்டரைத் தாண்டிவிடும். வைரத்தை எடுத்துவிட்டு அலுமினியத் தாள் வைத்துப் பாருங்கள். அப்போதும் சிக்னல் வந்தால் அந்தக் கசிவுதான். லேசர் வாசலிலேயே அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர் போடுங்கள். லேசர் கண்ணாடி கட்டாயம்.

நாகர்கோவில்_எம்எஸ்ஸி:
நன்றி அண்ணாச்சி. மேடையில் எஃகுத் திருகுகள்தான் இருக்கு, பரவாயில்லையா?

தக்கலை_ஆய்வகம்:
கூடாது. மேடை சுழலும்போது எஃகில் தூண்டப்படும் காந்தமும் மாறும், அது 3.66க்குள் கலந்துவிடும். எல்லாம் பித்தளையாக மாற்றுங்கள், பக்கத்தில் இரும்பு அலமாரி இருந்தாலும் நகர்த்திவிடுங்கள்.