ஐடிஐ வேளாண் இயந்திர மெக்கானிக் தேர்வு: ஐந்து வாரத்தில் திருப்புதலை எப்படிப் பிரிப்பது?

வரப்போரம்:
மெக்கானிக் அக்ரிகல்ச்சுரல் மெஷினரி டிரேட், இரண்டாம் ஆண்டு. தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. தியரியை முதல் பக்கத்திலிருந்து படிக்கப்போய் இன்ஜின் பாடத்திலேயே நிற்கிறேன். விதைக்கருவி, தெளிப்பான் பக்கம் இன்னும் போகவே இல்லை. கணக்கு என்றால் தடுமாற்றம். பணிமனை வாரத்தில் மூன்று பிற்பகல் கிடைக்கும். எப்படிப் பிரிக்கலாம்?

ஸ்பேனர்14:
புத்தக வரிசையை விட்டுவிடுங்கள். தியரியில் 33 சதவீதம் எடுத்தால் தேறலாம், தப்பான விடைக்கு மதிப்பெண்ணும் குறையாது. பிராக்டிகலில் 60 வேண்டும். கோட்டை விடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான். அதனால் மூன்று பிற்பகலும் ஜாப் (செய்முறைப் பயிற்சி வேலை) செய்யுங்கள், அன்றிரவு அந்த ஜாப்புக்கான தியரியை மட்டும் படியுங்கள். முதல் வாரம் அளவெடுப்பும் இன்ஜினும், அடுத்த வாரம் எரிபொருள், பேட்டரி, மூன்றாவது வாரம் கிளட்ச் முதல் ஹைட்ராலிக் வரை, நான்காவது வாரம் முழுக்கக் கருவிகள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடாமல், சீட்டுக் குலுக்கி வருகிற ஜாப்பை நேரம் வைத்துச் செய்யுங்கள்.

ஒவ்வொரு ஜாப்பிலும் "ஏன்" என்று ஒரு கேள்வி ஒளிந்திருக்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பது அதைத்தான். டீசல் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதைப் பாருங்கள். டேங்க் காக்கைத் திறந்து, ஃபில்டர் மேலுள்ள பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பிரைமர் பம்பை அடிக்க வேண்டும். குமிழி நின்றதும், டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை முடுக்குங்கள். பம்படிப்பதை நிறுத்திவிட்டு முடுக்கினால் காற்று திரும்ப உள்ளே போகும். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப் ஸ்க்ரூ. கடைசியாக இன்ஜெக்டர் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள். அந்தப் பீச்சலில் கை படவே கூடாது, தோலைத் துளைத்து உள்ளே போகும். காற்று எடுத்த பிறகும் மறுபடி ஏர் லாக் ஆனால் (காற்று அடைத்து டீசல் வராமல் நின்றால்) கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் என்று சந்தேகப்படுங்கள். அது உறிஞ்சும் பக்கம். டீசல் வெளியே கசியாமலே காற்று உள்ளே போகும், கண்ணுக்குத் தெரியாது.

சிலிண்டர் தேய்மான ஜாப்பில் மேல், நடு, கீழ் என மூன்று உயரம், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசை, மொத்தம் ஆறு அளவு. ஒரே உயரத்தில் இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் ஓவாலிட்டி. ஒரே திசையில் மேலுக்கும் கீழுக்கும் உள்ளது டேப்பர். இந்த இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் ஏராளம்.

பேட்டரியில் நெகட்டிவ்வை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுவது. பாசிட்டிவ்வை முதலில் தொட்டால் ஸ்பேனர் சேஸிஸில் பட்டு ஷார்ட் ஆகும்.

ஏக்கர்_கணக்கு:
கணக்குக்குத் தினம் காலையில் அரை மணி நேரம் போதும். மூன்று சூத்திரத்தைப் பிடித்தால் பெரும்பகுதி வந்துவிடும், அலகில்தான் தப்பு நடக்கும்.

வயல் திறன்: அகலம் மீட்டரில், வேகம் மணிக்குக் கிலோமீட்டரில். இரண்டையும் திறனளவால் பெருக்கி 10-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை ஹெக்டேர் என்று வரும். 1.5 மீட்டர் ரோட்டவேட்டர், 4 கி.மீ., 80 சதவீதம்: 1.5 × 4 × 0.8 ÷ 10 = 0.48 ஹெக்டேர், ஏறக்குறைய 1.2 ஏக்கர். 80 என்றே பெருக்கிவிட்டு 48 ஹெக்டேர் என்று எழுதாதீர்கள். ஒரு மணியில் அவ்வளவு உழ முடியுமா என்று ஒரு நொடி யோசித்தாலே பிடிபட்டுவிடும்.

இழுவைக் குதிரைத்திறன்: மூன்று கொழுக் கலப்பை, ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம், மண் எதிர்ப்பு ஒரு சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ. வெட்டுப்பரப்பு 1800, இழுவை 1080 கிலோ. 4 கி.மீ. வேகத்தில் 1080 × 4 ÷ 270 = 16. 270-ஆல் வகுப்பது இழுவை கிலோவில் இருந்தால் மட்டும்தான். இழுவையைக் கிலோநியூட்டனில் கொடுத்தால் 3.6-ஆல் வகுக்க வேண்டும், விடை கிலோவாட்.

தெளிப்பான்: நிமிடத்துக்கு வெளிவரும் லிட்டர் × 600-ஐ, அகலத்தையும் வேகத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தால் ஹெக்டேருக்கு எத்தனை லிட்டர் என்று கிடைக்கும்.

நுகத்தடி:
டேப்பட் ஜாப்புக்கு, அதாவது வால்வு இடைவெளி வைப்பதற்கு, ஒரு எச்சரிக்கை. நான்கு சிலிண்டரில், 4-ஆவது சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் அசைந்தால் 1-ஐ வைக்கலாம், 2 அசைந்தால் 3-ஐ. கூட்டினால் 5 என்று மனப்பாடம் செய்துவிட்டு மூன்று சிலிண்டர் டிராக்டரில் அதையே பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே ஜோடியே இல்லை, சிலிண்டர்கள் 240 டிகிரி இடைவெளியில் எரிகின்றன. எந்தச் சிலிண்டரை வைக்கிறீர்களோ அதன் வால்வுகள் அசையும் இடத்திலிருந்து கிராங்க்கை முழுதாக ஒரு சுற்று சுற்றுங்கள், அந்தச் சிலிண்டர் கம்ப்ரஷன் டிடிசிக்கு (அழுத்த வீச்சில் பிஸ்டன் மேல் உச்சிக்கு) வந்துவிடும். பிடிஓவையும் (டிராக்டரிலிருந்து கருவிக்குச் சுழற்சி தரும் தண்டு) பார்த்துக்கொள்ளுங்கள்: 35 மி.மீ. தண்டில் 6 பல் என்றால் 540 ஆர்.பி.எம்., 21 பல் என்றால் 1000.

வரப்போரம்:
நன்றி. விதைக்கருவி அளவீட்டில் ஒரு சந்தேகம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றும்போது சரியாக வரும் அளவு வயலில் குறைகிறதே?

ஏக்கர்_கணக்கு:
சக்கரம் மண்ணில் சறுக்குவதால்தான். 9 கொழு, 20 செ.மீ. இடைவெளி என்றால் அகலம் 1.8 மீட்டர். சக்கர விட்டம் 40 செ.மீ., அதனால் சுற்றளவு 1.257 மீட்டர். 20 சுற்றுக்கு 45.24 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 100 கிலோ வேண்டுமானால் 452 கிராம் விழ வேண்டும். வயலில் அதே தூரத்துக்குச் சக்கரம் 18 சுற்றுதான் சுற்றினால் 407 கிராம், அதாவது 90 கிலோதான் விழும். எனவே வயலில் 20 சுற்றுக்கு உண்மையில் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று டேப் வைத்து அளந்து, சுற்றளவுக் கணக்குக்குப் பதில் அந்த நீளத்தைப் போடுங்கள். அளக்கும்போது பெட்டியில் விதை பாதிக்கு மேல் இருக்கட்டும். ஒவ்வொரு குழாயிலும் விழுவதைத் தனித்தனிப் பையில் பிடித்து எடை போடுங்கள், மொத்தம் சரியாக வந்தும் ஒரு குழாய் அடைத்திருக்கலாம்.