அனாதைப் பதிவா, அனாமத்துப் பதிவா?

பேராசிரியர் ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

தரவுத்தளத்தில் ஒரு பதிவு சுட்டும் தாய்ப் பதிவு இல்லாமல் போனால், அந்தப் பதிவை ஆங்கிலத்தில் 'orphan record' என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில், ஐயா 'அனாதைப் பதிவு' போதும் என்கிறார். டெல்லி அக்கா 'தாயிலிப் பதிவு' என்கிறார். இரண்டிலும் இலக்கணக் குறை இல்லை. 'முதுகெலும்பிலி' பாடநூலில் நிலைத்துவிட்டபோது 'தாயிலி' நிற்காதா என்ன? என் சிக்கல் வேறு. போன மாதம் நடந்ததைச் சொன்னால் புரியும்.

மும்பையில் வடாலா பக்கம் ஒரு சின்ன லாரி புக்கிங் ஆபீஸ். முதலாளி திருநெல்வேலிக்காரர். சாயங்காலங்களில் போய் அவருடைய கணினி வேலையைப் பார்த்துக் கொடுப்பேன். அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இரண்டே அட்டவணைகள்: ஒன்று வாடிக்கையாளர், இன்னொன்று பில்டி, அதாவது லாரியில் ஏற்றும் சரக்குக்குத் தரும் ரசீது. மாதக் கடைசியில் அறிக்கை எடுத்தால் 1,177 பில்டி வருகிறது. புத்தகத்தின் அடிக்கட்டைகளை எண்ணினால் 1,214. "தம்பி, 37 பில்டியை உன் கம்ப்யூட்டர் முழுங்கிட்டுது" என்றார் முதலாளி.

முதலில் பில்டி அட்டவணையை நேராகத் திறந்து எண்ணினேன். 1,214 இருந்தது. ஒன்றும் தொலையவில்லை. (தானியங்கி வரிசை எண்ணில் நடுநடுவே ஓட்டை இருந்தது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புதுப் பதிவைத் தட்ட ஆரம்பித்துவிட்டு எஸ்கேப் அடித்தாலே அந்த எண் செலவாகிவிடும்.) அப்புறம்தான் அறிக்கைக்கு வரிகளை எடுத்துத் தரும் வினவலை (query) பார்த்தேன். இரண்டு அட்டவணையையும் இன்னர் ஜாயினில் சேர்த்திருந்தார்கள். அதில் இரு பக்கமும் ஜோடி இருந்தால்தான் வரி வரும். ஒரு பக்கம் ஆள் இல்லாவிட்டால், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் வரி விழுந்துவிடும். ஜோடி இல்லாவிட்டாலும் பில்டி வரி எல்லாம் வரும்படி லெஃப்ட் ஜாயினாக மாற்றினேன். 1,214ம் வந்து நின்றன. அவற்றில் 37 வரிகளில் வாடிக்கையாளர் பெயர் காலி. எல்லாவற்றிலும் வாடிக்கையாளர் எண் 58.

58 யார்? ஒரே கடை இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு முறை ஏறியிருந்திருக்கிறது. குமாஸ்தாப் பையன் சுத்தம் செய்கிறேன் என்று ஒன்றை அழித்திருக்கிறான். அழித்தது 58. அட்டவணைகளுக்கு இடையே உறவு வரையும்போது ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டிருந்தால், 'இவருக்குப் பில்டி இருக்கிறது, அழிக்க முடியாது' என்று அக்சஸே மறுத்திருக்கும். அந்த டிக்கை யாரும் போடவில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நான் அவனிடம், "இதெல்லாம் அனாதைப் பதிவுப்பா" என்று விளக்கினேன். உடனே கேட்டான்: "அப்போ டெலீட் பண்ணிடவா அண்ணே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 37 பில்டியின் வாடகைப் பணம்! பின்னாலிருந்து முதலாளி, "டேய், அது அனாமத்தா கிடக்குடா, யாருதுன்னு பார்த்து ஏத்துடா" என்றார். பையனுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அந்த 37ஐயும் மிச்சமிருந்த கணக்கின் எண்ணுக்கு மாற்றி முடித்தபோது மணி எட்டு.

நான் முன்வைப்பது அந்தச் சொல்லைத்தான்: அனாமத்துப் பதிவு. கணக்குப் பதிவியலில் அனாமத்துக் கணக்கு என்ன செய்கிறது? ஒரு தொகை யாருடையது, எந்தத் தலைப்பில் சேர வேண்டும் என்று தெரியாதபோது, தெரியும்வரை அங்கே வைக்கிறோம். தூக்கிப் போடுவதில்லை. தாயற்ற பதிவின் நிலையும் இதேதான். 'அனாதை' என்றால் பரிதாபம் வருகிறது; 'அனாமத்து' என்றால் கையில் வேலை வருகிறது.

ஒரு தொல்லையும் உண்டு, மறைக்கவில்லை. மராத்தியில் 'அனாமத்' என்றால் டெபாசிட். தேர்தலில் வேட்பாளர் கட்டுவதும் அதுதான். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு முதலில் அந்தப் பொருள்தான் தோன்றும். இரண்டுக்கும் மூலம் 'அமானத்', அதாவது நம்பி ஒப்படைத்தது. அதனால் பெரிய இடைஞ்சல் என்று நினைக்கவில்லை.

இன்னொன்று. பில்டி ரத்தா இல்லையா என்று குறிக்கும் 'நிலை' என்ற புலம் (field) காலியாக இருந்தால், 'ரத்து அல்லாதவை' என்று கேட்கும் வினவலிலும் அந்த வரி வராது. காலியை எதோடு ஒப்பிட்டாலும் ஆம் என்றும் விடை இல்லை, இல்லை என்றும் விடை இல்லை. அவற்றையும் அனாமத்து என்று சேர்த்துவிடாதீர்கள். அவற்றுக்கு உரியவர் இருக்கிறார். அந்தக் காலிக்கு என்ன சொல் என்பதைத் தனி இழையில் பேசலாம்.

* * *

பேராசிரியரின் பதில்:

தம்பிக்கு,

அனாமத்து தமிழ் வேர் அல்ல என்று எழுத உட்கார்ந்தேன். 'அனாதை' மட்டும் தமிழ் வேரா என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள். சரி, 'அனாதைப் பதிவு' என்ற என் முன்மொழிவை விலக்கிக்கொள்கிறேன். 'தாயிலி' சொன்ன டெல்லி அம்மையார் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம். சொற்பட்டியலில் ஏற்றும்போது 'அனாமத்து பதிவு' என்று ஏற்றிவிடாதீர்கள். வன்தொடர்க் குற்றியலுகரம், ப் கட்டாயம் வரும்.